ஒற்றை ஆள் மடிப்பு

அந்தச் சலவைக்கூடத்தில் தனியாகப் போர்வை மடிப்பது என்பது தண்டனை. ஓட்டல்களிலிருந்து வரும் இரட்டைக் கட்டில் போர்வையை எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று, ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து, கிட்டே வந்து சேர்த்தால்தான் மடிப்பு நிற்கும். அதனால் யாரையாவது ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் பெண்கள் சண்டையே போடமாட்டார்கள். எதிரில் போய் நிற்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தடவை மாட்டியது அழுத்தக்காரி. வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் வந்த பேர். மாட்டிவிட்டது அவளுடைய ஜோடி, ரேடியோ. அந்தப் பேருக்கு விளக்கமே தேவையில்லை. எல்லாரும் டீ நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வதைச் சூப்பர்வைசரிடம் வாய்தவறி உளறியதே ரேடியோதான். டீ நேரம் பாதியாகக் குறைந்ததும், போட்டுக்கொடுத்தது அழுத்தக்காரி என்று கூசாமல் கதை கட்டிவிட்டாள். பேசாதவள் மேல் பழி போடுவது சுலபம். எல்லாரும் நம்பினார்கள்.

மறுநாள் எதிரில் ஆள் இல்லை. ரேடியோ வேறொருத்தியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அழுத்தக்காரி தன் கூடையை இழுத்துக்கொண்டு நீராவிக் குழாய்க்குப் பின்னால் இருந்த மூலைக்குப் போனாள். அழவில்லை. கறுவினாள். இவளே ஒருநாள் வந்து என் முன்னால் நிற்க வேண்டும், கெஞ்ச வேண்டும், எல்லாரும் பார்க்க வேண்டும். தங்கச்சி போனில், "போய்ப் பேசித் தொலையேன்க்கா" என்றதும் அழுத்தக்காரி போனை வைத்துவிட்டாள்.

முதலில் படாதபாடு பட்டாள். போர்வை தரையில் புரண்டது, அழுக்கானது, திரும்பத் துவைக்கப் போனது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. மூலையில் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு ஓடிய கம்பியின் மேல் போர்வையை நடுவாகப் போட்டாள். துணி தன் கனத்திலேயே தொங்கி நேரானது. மூலைகள் தானாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மடிப்பிலும் ரேடியோவின் வாயை உள்ளே வைத்து மடித்து, மேலே ஒரு அறை அறைந்து அடுக்கினாள். அடுக்கு உயர உயர அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் வன்மத்துக்கும் ஓய்வு வேண்டுமில்லையா? மடித்துக்கொண்டே இருக்கையில் திட்டு தீர்ந்துபோனது. அந்த இடத்தில் ஏதேதோ வந்து உட்கார்ந்தது. ஒரு மெட்டு. வீட்டுக் கதவுக்கு என்ன சாயம் அடிக்கலாம் என்ற யோசனை. சூடான துணியின் வாசனை. இத்தனை வருஷத்தில் ஒரு நினைப்பைக்கூட அவள் முழுசாக நினைத்து முடித்ததில்லை, பாதியில் ரேடியோ புகுந்துவிடுவாள். இப்போது சாப்பாட்டை ஜன்னலோரம் எடுத்துப்போய், ஆற அமர, யாருடைய மாமியார் கதையும் இல்லாமல் சாப்பிட்டாள். கம்பி கோள் மூட்டாது. நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை அவர்களிடம் காட்டிக்கொள்ளாமல் முகத்தைத் தொங்கப்போட்டே வைத்திருந்தாள்.

அதற்குள் ஓட்டலிலிருந்து போர்வைகள் திரும்பி வர ஆரம்பித்தன. மூலை மூலையோடு சேரவில்லை, எல்லாம் கோணல். எல்லாம் ரேடியோ மடித்தவை. ஜோடியை மாற்றிப் பார்த்தார்கள், மறுபடியும் கோணல்தான். சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுத்தார். காரணம் அழுத்தக்காரிக்குத் தெரியும். குழாய்க்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வசவையும் ருசித்துக் கேட்டாளே தவிர, சொல்லவில்லை.

கடைசியில் ரேடியோ வந்தேவிட்டாள். பின்னால் சூப்பர்வைசர், அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க அத்தனை பேரும்.

"தப்புதான்டி. உளறினது நான்தான். எல்லார் முன்னாடியும் சொல்றேன், போதுமா? வந்து என் எதிர்ல நில்லு. இல்லேன்னா என் வேலையே போயிடும்."

இதைத்தானே கேட்டாள்? கண் கலங்கி, குரல் இறங்கி, நினைத்ததைவிட அழகாகவே நடந்தது. அழுத்தக்காரி அவசரப்படாமல் அனுபவித்தாள். கூடவே கையிலிருந்த போர்வை ஆறிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. இவர்கள் எப்போது போவார்கள் என்றிருந்தது.

"பழையபடி ஜோடி சேர்ந்துக்கம்மா" என்றார் சூப்பர்வைசர்.

அந்த வார்த்தையில்தான் அவளுக்கு உறைத்தது. காரணத்தைச் சொல்லாமல் வைத்திருந்தால் இந்த மூலை போய்விடும்.

"உன் இடது கை எப்பவும் ஒரு விரல் அளவு முந்தும்" என்றாள், கடைசியில் நின்றவளுக்கும் கேட்கிற மாதிரி. "இத்தனை வருஷமா எதிர்ல நின்னு என் வலது கையை இழுத்து உன் கோணலை நான்தான் நேர் பண்ணிட்டிருந்தேன். உனக்கு அதுகூடத் தெரியல. பேசிட்டே இருந்தா எப்படித் தெரியும்? இடது கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடி, நான் தேவைப்படமாட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரேடியோ தன் இடது கையையே பார்த்தபடி நின்றாள்.

"அப்ப நீ?" என்றார் சூப்பர்வைசர்.

"என்கிட்டேருந்து ஒண்ணாவது திரும்பி வந்துதா சார்? நான் இங்கயே இருந்துக்கறேன்."

அவர் அடுக்கைப் பார்த்தார். தலையாட்டினார். கூட்டம் கலைந்தது. அழுத்தக்காரி அடுத்த போர்வையை உதறிக் கம்பியில் போட்டாள். இந்த மடிப்பில் உள்ளே வைக்க யாரும் இல்லை.