முந்நூற்று எண்பத்தெட்டு கிலோமீட்டர் பாக்கி

என் மைத்துனனின் பிக்கப் வண்டிக்கு நான்கு வருடமாக வயதே ஏறவில்லை. இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மீட்டர் செத்துப்போனது. வண்டி சாகவில்லை. தினமும் விடியற்காலையில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு அறுபது கிலோமீட்டர் இருமிக்கொண்டே ஓடுகிறது. மூன்று லட்சம் கிலோமீட்டரில் செய்யவேண்டிய பெரிய சர்வீஸை யாராவது நினைவுபடுத்தினால், மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டுவான்.

"இன்னும் முந்நூத்தி எண்பத்தெட்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கு அத்தான். சர்வீஸ் புக்குல போட்டிருக்கிறபடிதானே செய்யணும்?"

புத்தகத்துக்கு இத்தனை மரியாதை கொடுக்கிற மனிதனை நான் கண்டதில்லை. இதில் அரைக்கால் பங்கைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தால் இன்று நீதிபதியாக இருந்திருப்பான்.

அந்த வண்டி தெருமுனையில் திரும்பினால் எங்கள் சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று வம்பு பேசும். அது கக்கிய புகையில் எதிர்வீட்டு வெள்ளைப் பூனை கறுத்துப்போய், சொந்தக்காரியே அதை வேறு பூனையென்று இரண்டு நாள் விரட்டியடித்தாள். சத்தியம்.

போன வெள்ளிக்கிழமை பால் கிடங்கு சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை காலைல, பெரிய சர்வீஸ் முடிஞ்சதுன்னு மெக்கானிக் கையெழுத்து போட்ட புக்கோட வாங்க. இல்லேன்னா உங்க ரூட் வேற வண்டிக்குப் போயிடும். நடுரோட்டுல பால் தயிராகிறதை என்னால வேடிக்கை பாக்க முடியாது."

அந்த ரூட்டில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது. வேறு வருமானம் கிடையாது. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் பதறியடித்துப் பட்டறைக்கு ஓடியிருப்பான். இவன் சனிக்கிழமை முழுக்க வண்டியைக் குளிப்பாட்டினான். டயருக்குக் கறுப்புப் பாலிஷ், ஸ்டீயரிங்குக்கு சிவப்பு வெல்வெட் உறை, போதாததற்குப் புது ஹாரன். விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கு. மூச்சுதான் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கையெழுத்து வாங்கப் புறப்பட்டான். நானும் தொற்றிக்கொண்டேன். இலவச வேடிக்கையை விட்டுவிட நான் என்ன துறவியா?

எங்கள் பகுதியில் டீசல் என்ஜினுக்கு ஒரே கைராசி, டாக்டரம்மா. பெயர்தான் அப்படி, ஐம்பது வயதான மெக்கானிக். இருமல் சத்தத்திலேயே நோயைச் சொல்லிவிடுவார்.

மைத்துனன் குழைந்தான். "அக்கா, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு. கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா…"

"கையில எண்ணெய் படாம கையெழுத்து வராது சார். பானட்டைத் திறங்க."

முதலில் ஏர் ஃபில்டர் வெளியே வந்தது. அதற்குள் இருந்த மண்ணில் தக்காளி பயிரிடலாம். ரேடியேட்டர் தண்ணீர் ஆறிப்போன டீயாகியிருந்தது. கியர் ஆயிலை வடிக்க அடித் திருகாணியைக் கழற்றினார். ஆயில் சொட்டவில்லை, யோசித்து யோசித்து இறங்கியது. கடைசியாக டைமிங் பெல்ட்டின் மூடி. என்ஜினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கிற பல் வைத்த பட்டை அது. ஓட்டத்தில் அறுந்தால் உள்ளே எல்லாம் ஒன்றையொன்று குத்திக்கொண்டு சாகும்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நான்கு பற்கள் இல்லை. ஓரமெல்லாம் நூல் தொங்கியது.

"இது பெல்ட்டா, பழைய பாவாடை நாடாவா? வண்டி இங்க வரைக்கும் வந்ததே உங்க பொண்டாட்டி செஞ்ச புண்ணியம். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப், எல்லா ஆயிலும் மாத்தணும். சாயங்காலம் ஆகும்."

"நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக்கறேனே அக்கா. கையெழுத்தைப் போட்டுக் கொடுங்க, அடுத்த மாசம் சாவகாசமா கொண்டு வர்றேன்."

"முடியாது."

இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா?" என்று சாவியை எடுத்துக்கொண்டு சீட்டில் ஏறினான்.

டாக்டரம்மா மேஜையிலிருந்த கத்தியை எடுத்து, ஒரே இழுப்பில் அந்தப் பெல்ட்டை அறுத்தார். பாம்புத்தோல் மாதிரி துவண்டு விழுந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க, என்ஜின் போயிடும். வேற மெக்கானிக்கிட்ட தள்ளிக்கிட்டுப் போங்க."

என் பிறவிப்பயனை அன்று அடைந்தேன். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு பஸ் உள்ளே போய்த் திரும்பி வரலாம்.

"அத்தான், பாத்தீங்களா இந்த அநியாயத்தை!"

"பாத்தேன் மச்சான். இன்னொரு தடவை அறுக்கச் சொல்லட்டுமா?"

தன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, போன் போட்டு அழுதான். அவள் திட்டியது பட்டறைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. "நாளைக்குப் பால் போகலேன்னா பிள்ளைகளுக்கு வெல்வெட் உறையை வறுத்துப் போடுவியாடா?" அதன்பின் அவன் வாய் மூடியது. மாலை வரை ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரையெல்லாம் தப்பாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்கு என்ஜின் உயிர்பெற்றது. இருமல் இல்லை. ஸ்டார்ட் ஆனதே தெரியாமல் இரண்டாவது முறை சாவியைத் திருகப் போய் மறுபடியும் திட்டு வாங்கினான். டாக்டரம்மா எண்ணெய் விரலோடு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் புத்தகத்தைப் பார்த்தார், ஓடும் என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கேன்களை ஏற்றச் சொன்னார். ரூட் பிழைத்தது.

இவன் திருந்தியிருப்பான் என்று நினைக்கிறவர்களுக்கு என் மச்சானைத் தெரியாது. புதன்கிழமையே கிடங்கு வாசலில் மற்ற டிரைவர்களைச் சுற்றி நிற்கவைத்துப் பிரசங்கம்.

"வண்டிங்கிறது குழந்தை மாதிரிப்பா. டைமிங் பெல்ட்டை எல்லாம் டயத்துக்கு மாத்திடணும். நான் அதுல ரொம்பக் கண்டிப்பு."

அதைக் கேட்டு இரண்டு பேர் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டார்களாம். ஒருவனுடைய பெல்ட் அறுகிற நிலையில் இருந்ததாம். இவன் வாயாலும் உலகத்துக்கு நல்லது நடக்கும் என்றால், நான் இனி எதை நம்பி ஒருவனைத் திட்டுவது?