மகாராணி சிந்திய சொட்டு

கல்யாணத்துக்குக் கார் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மணப்பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் கழுத்தைக்கூட வளைக்காமல் விறைத்து நிற்கிறவர் இவர் ஒருவர்தான். கொஞ்சம் குனிந்து வரவேற்றால் என்ன, தலையில் இருக்கிற கிரீடமா விழுந்துவிடும் என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். தன் இடுப்பு எஞ்சினைப் பார்க்க மட்டும்தான் வளையும் என்பது அவர் கட்சி.

மனைவி தையல்காரி. மணப்பெண்களுக்கு உடுப்பு தைப்பது அவள் வேலை. அந்தப் பெண்களை அலுங்காமல் குலுங்காமல் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. வீட்டு முன்னறையில் அவளுடைய மிஷின், பக்கத்து ஷெட்டில் அவருடைய கார். நீளமான, வெள்ளையான, வயசான கார். மகாராணி என்று அவர்தான் பெயர் வைத்தார். கழுவி நிறுத்தினால் மற்றவர்களின் கார் கதவெல்லாம் அடியில் சொட்டிக்கொண்டே இருக்குமாம், மகாராணி ஒரு சொட்டு சிந்தமாட்டாளாம். இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

அந்த மகாராணிதான் போன கல்யாணத்தில் மானத்தை வாங்கிவிட்டாள். கதவின் அடிமடிப்பைத் துரு அரித்து, டீ நிறத்தில் ஒரு சொட்டு மணப்பெண்ணின் உடுப்பு விளிம்பில் விழுந்தது. தையல்காரி அங்கேயே மண்டியிட்டு, கறைக்கு மேல் ஒரு லேஸ் பூவை வைத்துத் தைத்து ஒப்பேற்றினாள். வீட்டுக்கு வந்து, வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்த பிறகுதான் பேசினாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா வண்டியைத் தம்பிகிட்டக் குடுத்துடலாம்."

தம்பி என்றால் இவருக்கு மச்சினன். மெத்தைக் கடைக்காரன். மகாராணியின் கூரையை அறுத்தெறிந்துவிட்டு, மேலே ஒரு மெத்தையைக் கட்டித் தெருத்தெருவாக விளம்பரம் ஓட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

துரு பிடிக்காமல் இருக்க ஸ்பிரே அடிக்கலாம் என்று மெக்கானிக்கிடம் போனார். எண்ணெய் ஸ்பிரேதான் சரி, சந்து பொந்தெல்லாம் ஊறிப் போகும் என்றார் மெக்கானிக். பெயின்ட் கடைக்காரரோ எண்ணெய், கறுப்பு ரப்பர், மெழுகு மூன்றையும் ஒரே மாதிரி ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். மூன்றும் அவர் அலமாரியில்தானே இருந்தன. குழம்பிப்போய் மூன்றிலும் ஒவ்வொரு டின் வாங்கி வந்தார்.

பிறகு ஷெட்டில் ஒரு பரீட்சை வைத்தார். தகர டப்பா மூடிகளின் பூச்சைச் சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரே அடித்து, மேலே உப்புத்தண்ணீர் தெளித்தார். மனைவியின் கூடையிலிருந்து வெள்ளை சாட்டின் துண்டுகளைச் சுட்டு வந்து மூடிகளுக்கு அடியில் விரித்தார். துருவும் பிடிக்கக் கூடாது, துணியும் கெடக் கூடாதே. எண்ணெய் மூடி பளபளவென்று இருந்தது, ஆனால் அடியிலிருந்த சாட்டின் தோசைக்கல் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. கறுப்பு ரப்பர் கவசம் மாதிரி நின்றது, நகத்தால் கீறினால் உரிந்தது, உள்ளே துரு ஆரம்பித்திருந்தது. மெழுகு மட்டும் ரெண்டு நாளில் காய்ந்து, தேன் நிறத்தில் தோலாகப் படிந்து, துணியைத் தொடாமல் விட்டது. மனுஷனுக்குக் கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமை காலை மெழுகு டின்னோடு காருக்கு அடியில் படுத்தார். அந்த நேரம் பார்த்து மச்சினன் அளவு டேப்போடு வந்து நின்றான். மாமா வேலையைப் பார்க்கட்டும், தான் சும்மா கூரையை அளந்து வைப்பதாகச் சொன்னான். பின்னாலேயே தையல்காரியும் வந்து கைகட்டி நின்றாள்.

தண்ணீர் வடிவதற்கென்று கார் செய்தவர்களே கதவின் அடியில் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். அது வழியாகத்தான் ஸ்பிரே குழாயை நுழைக்க வேண்டும். நுழைத்தார், போகவில்லை. அழுத்தினார், ம்ஹூம். எதுவோ அடைத்திருந்தது. குறடால் பிடித்து இழுத்தார். பளக் என்று வந்தது. பின்னாலேயே கதவுக்குள் எத்தனை நாளாகத் தேங்கியிருந்ததோ, அவ்வளவு செந்தண்ணீரும் கொட்டி மச்சினனின் புது ஷூவை நனைத்தது.

துரு ஏன் வந்தது என்று அவருக்கு அப்போது விளங்கிவிட்டது. உள்ளே குளம் கட்டி நின்றால் எந்த ஸ்பிரே அடித்து என்ன புண்ணியம்? எந்தப் படுபாவி அடைத்தான் என்று திட்ட வாயெடுத்தவர், கையிலிருந்ததைப் பார்த்ததும் கப்சிப் ஆனார். மெழுகில் தோய்த்த சாட்டின் துணி உருண்டை. ஓட்டை அடைக்கிற துணிக்குக்கூட ஓரம் மடித்து, பொடித்தையல் போட்டிருந்தது. இந்த உலகத்தில் அப்படிச் செய்கிறவள் ஒருத்திதான்.

என்ன மாமா அது என்று மச்சினன் எட்டிப் பார்த்தான். காட்டினால் கார் தப்பிக்கும். ஆனால் தம்பி முன்னால் அவள் முகம் சுருங்கிப்போகுமே. அவருக்கு மனசு வரவில்லை. ஏதோ குப்பை என்று முணுமுணுத்துக் கையை மூடிக்கொண்டார்.

"கையைத் தொறங்க," என்றாள் தையல்காரி. "அது நான் வெச்சது."

மச்சினன் டேப்பை இழுத்தபடியே நின்றான்.

"முதல் வருஷம் ஒரு பொண்ணு உடுப்புல தண்ணி சொட்டுச்சு. உங்ககிட்ட சொன்னா வண்டியைக் குறை சொல்றேன்னு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பீங்க. நானே அடைச்சுட்டேன்."

அப்படியானால் இத்தனை வருஷம் மகாராணி சொட்டாமல் இருந்தது இந்தத் துணி உருண்டையால்தான்! அவர் பீற்றிக்கொண்டதெல்லாம் கண்முன் வரிசையாக வந்து பல்லிளித்தது. கோபம் வர வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. படுத்த வாக்கிலேயே வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

"டேப்பைச் சுருட்டுடா," என்று தம்பியிடம் சொன்னாள். "கார் எங்கேயும் போகல."

மற்றக் கதவுகளிலிருந்தும் ஓரம் தைத்த உருண்டைகள் வந்தன. அவள் தலைமுடி உலர்த்தும் மிஷினைக் கொண்டுவந்து கதவுகளின் உட்புறத்தைக் காய வைத்தாள், அவர் மெழுகு அடித்தார். அரித்த இடத்தைப் பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குச் சுரீர் என்றது. மெழுகு காய ரெண்டு நாள் வேண்டும். கல்யாணம் நாளைக்கு. ஓட்டையோ திறந்து கிடக்கிறது, ஈர மெழுகு உடுப்பில் சொட்டுமே.

தையல்காரி பீரோவைத் திறந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அவர் சட்டைப்பையில் செருகினாள்.

மறுநாள் மண்டப வாசலில் மகாராணி வந்து நின்றாள். அவர் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். கைக்குட்டையை நெஞ்சில் வைத்து, அப்படியே கதவின் அடியை நோக்கி இறக்கி, இடுப்பை வளைத்துக் குனிந்தார். கூட்டம் அசந்துபோனது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். மணப்பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பெண்ணின் உடுப்பு விளிம்பைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் இறங்கிய தையல்காரி, வாயில் குண்டூசிகளோடு அவர் காதருகே சொன்னாள்.

"இன்னும் குனிங்க. ஓட்டை அதுக்கும் கீழ இருக்கு."