ஒன்பதடிக்கு ஒரு விரல் குறைவு

உங்கள் பக்கத்து ஏரி எத்தனை அடி ஆழம் என்று தெரிய வேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நான் மூன்று பேரிடம் கேட்டேன். கரையில் தினமும் தூண்டில் போடுகிற ஓய்வுபெற்ற கண்டக்டர், "ரெண்டு ஆள் ஆழம்" என்றார். எந்த மாதிரி ஆள் என்றேன். "என்னை மாதிரின்னா ரெண்டு, உன்னை மாதிரின்னா மூணு" என்றார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் முதலாளி, "அணைக்கரை ஓரம்தான் ஆழம். எந்த ஏரியும் அப்படித்தான்" என்றார். அங்கே படகு வாடகைக்கு விடும் அக்கா மட்டும் யோசித்துவிட்டு, "தெரியாது தம்பி. துடுப்பு தரை தட்டலைன்னா எனக்கு எல்லா இடமும் ஒண்ணுதான்" என்றார்.

தெரியாது என்று ஒருவர் சொன்னதால்தான் எனக்கு அளந்து பார்க்கத் தோன்றியது.

சும்மா கேட்கவில்லை. போன கோடையில் அந்த ஏரியில் மீனெல்லாம் செத்து மிதந்தது. வெயிலில் தண்ணீர் சூடாகி, காற்றில்லாமல் மூச்சு முட்டிச் செத்தன. இந்த வருஷம் முதலாளி காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தார். மோட்டார் கரையில் இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் ஏரியின் அடிவரை போகும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ அவ்வளவு தண்ணீரைக் குமிழி புரட்டிக் கொடுக்கும். இயந்திரம் ஒன்றே ஒன்று. கல்லைக் கட்டிக் குழாயை இறக்கிவிட்டால் இடம் மாற்றுவது லேசில்லை. இந்தக் கோடையிலும் மீன் செத்தால் குத்தகையை விட்டுவிடுவேன் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அப்புறம் மீன் பிடிக்கப் படகு எடுக்க யாரும் வரமாட்டார்கள். அக்காவுக்கு இருப்பது நான்கு படகுகளும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும்தான்.

நான் பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். சொந்த வீடு ரொம்ப தூரம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஏரிக்கரைக்கு வந்து பழகியவன்.

அளக்கும் முறை எளிது. இந்தக் கரைக்கும் எதிர்க்கரைக்கும் நீளமாக ஒரு கயிறு கட்டினோம். பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி. அக்கா படகில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக் கைமாற்றி இழுப்பார். துணி வந்ததும் நிறுத்துவார். நான் ஈயக்குண்டு கட்டிய இன்னொரு கயிற்றை நேராக இறக்குவேன். குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தளரும். அந்த அளவைக் குறித்துக்கொள்வேன். ஒரு வரிசை முடிந்தால் நீளக் கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டி அடுத்த வரிசை. அணைக்கரையில் ஆரம்பித்து, வாரா வாரம் நகர்ந்து, எதிர்க்கோடியில் உள்ள பாறைப் பக்கத்தில் முடித்தோம். நடுவில் சில ஞாயிறுகள் பட்டறையில் கூடுதல் வேலை வந்து விட்டுப்போயின.

"என்னப்பா, ஏரிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கண்டக்டர் கரையிலிருந்து கத்துவார். "கழுத்து அளவை மறந்துடாத."

அம்மா போனில், "லீவு நாள்ல என்னடா பண்றே?" என்று கேட்டாள்.

"தண்ணிய அளக்கிறேன்மா."

"பக்கெட்லயா?"

"ஏரியில."

"வேளாவேளைக்குச் சாப்பிடுறியா நீ?" என்றாள்.

அளந்ததை முதலாளியிடம் காட்டினேன். அணைக்கரை ஓரம் ஒன்பதரை அடி. பாறைப் பக்கம் ஒன்பது. மற்ற இடமெல்லாம் அதைவிடக் குறைவு. அவருக்குப் பரம திருப்தி. "நான்தான் சொன்னேன்ல. திங்கக்கிழமை ஆளுங்க வர்றாங்க, அணைக்கரையிலயே இறக்கிடலாம்" என்றார். எனக்கும் ஒரு வேலையை ஒழுங்காக முடித்த சந்தோஷம்.

சனிக்கிழமை மத்தியானம் அறையில் உட்கார்ந்து படம் வரைந்தேன். ஒரே ஆழமுள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். அக்காவின் படகுக் கொட்டகையில் மாட்டுவதாக எண்ணம். அறையில் என்னோடு இருப்பவன் வேன் டிரைவர். என்னைவிடச் சின்னவன். ஆனால் ஊருக்கெல்லாம் புத்தி சொல்வதால் அவனுக்குப் பெயர் சித்தப்பா. சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"ஏரிக்குள்ள யாரு சுவர் கட்டினது?"

"என்ன சுவர்?"

"இதோ. எல்லாக் கோடும் நடுவுல வந்து மொத்தமா மடங்குது பாரு. ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி."

பார்த்தேன். ஏரியின் நடுவே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தரை திடீரென்று ஓரடிக்கு மேல் உயர்ந்திருந்தது. மண்ணில் அப்படி இருக்காது. வேலை காரணமாக விட்டுப்போன ஞாயிறுகளுக்கு முந்திய வரிசையும் பிந்திய வரிசையும் சந்திக்கும் இடம் அது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடினேன்.

அக்கா துடுப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாம ஆரம்பிச்ச அன்னிக்குப் படித்துறையில தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு?"

"மூணாம் படி நனைஞ்சுது. நீ வழுக்கினியே."

இப்போது ஐந்தாம் படியும் வெயிலில் காய்ந்து கிடந்தது.

நான் தரையை அளக்கவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து அளந்திருக்கிறேன். அந்த மட்டமோ வாரா வாரம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு குச்சியை நட்டு, அளந்த நாளெல்லாம் தண்ணீர் எங்கே நின்றது என்று குறித்திருந்தால் கூட்டிக் கழித்துச் சரிசெய்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. அணைக்கரையை ஏரி நிறைந்திருந்தபோது அளந்தேன், பாறைப் பக்கத்தை வற்றியபோது. அரையடி வித்தியாசத்தை நம்பித்தான் குழாயை இறக்கப் போகிறார்கள்.

"தப்பு என் மேலதான்கா. நான்தான்..."

"அதெல்லாம் அப்புறம் சாவகாசமா பேசிக்கலாம். ஒரே நாள்ல மொத்தத்தையும் அளந்தா சரியா வருமா?"

"வரும். ஆனா அது அஞ்சு வாரத்து வேலைக்கா."

"அது ஆடி அசைஞ்சு பண்ணினது. நாளைக்குப் படகு வாடகை கிடையாதுன்னு எழுதித் தொங்க விடறேன். நீ இன்னொரு நீளக் கயிறு கொண்டா. ஒண்ணுல அளக்கும்போது இன்னொண்ணை அடுத்த வரிசைக்குக் கட்டிடலாம்."

ஞாயிறு விடியும்போதே ஆரம்பித்தோம். முதல் வேலையாகப் படித்துறை ஓரத்தில் ஒரு கழியை அடித்துத் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஆணியால் கீறினேன். இந்தக் கரையில் கயிற்றை மாற்றிக் கட்ட சித்தப்பா வந்தான். எதிர்க்கரைக்கு ஆள் இல்லை. கண்டக்டர் கொஞ்ச நேரம் எங்களை முறைத்துப் பார்த்தார்.

"உங்க கயிறு என் தூண்டில்ல மாட்டினா யாரு பதில் சொல்றது? கொடுங்க, நானே கட்டித் தொலைக்கிறேன்" என்று எழுந்து நடந்தார்.

காற்று கிளம்பியதும் படகு பக்கவாட்டில் இழுத்தது. குண்டுக் கயிறு சாய்ந்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும். அக்கா காலைப் படகின் விளிம்பில் உதைத்துக்கொண்டு இழுத்துப் பிடிப்பார். கயிறு நேரான பிறகுதான் நான் எண்ணைச் சொல்வேன். மத்தியானத்தில் அவர் உள்ளங்கை உரிந்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "உனக்குப் படகு பிடிக்கத் தெரியாது. குண்டைப் போடு" என்றார். துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டார். சாப்பாடு படகிலேயே. சித்தப்பா கரையிலிருந்து எனக்கு உட்காரும் விதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தான்.

கடைசி வரிசை முடிந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கழியில் கீறிய இடத்திலேயே தண்ணீர் நின்றது. அணைக்கரை எட்டு அடி. பாறைப் பக்கம் ஒன்பதுக்கு ஒரு விரல் குறைவு.

மறுநாள் குழாய் இறக்க வரும் ஆட்கள் நிற்க இடம் பார்க்க முதலாளி அந்த நேரத்துக்கு வந்தார். சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"போன வாரம் நீதானே ஒன்பதரைன்னு சொன்னே?"

"ஆமாங்க. அது தப்பு."

"அப்போ இது சரின்னு எப்படி நம்பறது?"

"நீங்களே வந்து குண்டைப் போட்டுப் பாருங்க" என்றார் அக்கா.

"நான் படகுல ஏறமாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது."

"ஒன்பதடிக்கு மேல எங்கயும் இல்லீங்க" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்து.

"அவருக்கு அஞ்சரை அடியே போதும்பா" என்றார் கண்டக்டர்.

என்ன நினைத்தாரோ, முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். அளவுக் கயிற்றின் மேலேயே அவருக்குச் சந்தேகம். இரும்பு டேப்பைக் கொடுத்தேன், முழுக்க வைத்துப் பார்த்தார். அணைக்கரையில் அவரே குண்டை இறக்கினார். எட்டு. எடுத்து மறுபடி போட்டார். எட்டு. பாறைப் பக்கத்தில் குண்டு எட்டைத் தாண்டி இறங்கியபோது அவர் கை தானாகக் கொஞ்சம் தாழ்ந்தது.

"கரண்டு அணைக்கரையிலதான் இருக்கு. வாங்கி வெச்சிருக்கிற குழாய் இவ்வளவு தூரம் எட்டாது" என்றார்.

"குழாய் கடையில கிடைக்கும்" என்றார் அக்கா.

"சொல்றது சுலபம்மா."

"சொல்லலைங்க. காலையிலேருந்து செஞ்சுட்டுத்தான் உக்காந்திருக்கோம்."

முதலாளி அக்காவின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். கரை வந்ததும் தவழ்ந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நாங்கள் கயிறுகளைச் சுருட்டி வைத்தோம்.

மறுநாள் காலை ஆட்கள் வந்தார்கள். வண்டியில் புதிதாக இரண்டு சுருள் குழாய் இருந்தது. அதைப் பாறைப் பக்கத்தில் இறக்கினார்கள்.