சிமியோன் ஸ்ரூடியோவின் தடித்த புத்தகம்

என் கணவர் கோபிசங்கர் புத்தகம் வாசிக்கிற ஆளல்ல. பேப்பரை எடுத்தால் கடைசிப் பக்கத்து விளையாட்டுச் செய்தியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார். ஆனால் யாராவது புத்தகத்தோடு நிற்கிற பழைய படம் ஒன்று எங்கோ இருக்கிறதென்று கேள்விப்பட்டால் போதும், சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவார். செத்த வீட்டுக்குப் போனாலும் கண் சுவரில்தான் இருக்கும். ஒருமுறை கொடிகாமத்தில் ஓர் அந்தியேட்டி வீட்டில், இறந்தவரின் கையில் இருப்பது பஞ்சாங்கமா பாடப்புத்தகமா என்று பார்ப்பதற்காகப் படத்தின் மாலையை விலக்கி, மூத்த மகனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் வெட்கமாய் இருந்தது.

இப்படிச் சேர்த்த படங்கள் இப்போது எங்கள் வீட்டில் இரண்டு அலுமாரியை நிறைத்துவிட்டன. பாடப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்த பள்ளிப் பிள்ளைகள், சலூனில் பேப்பரை விரித்துப் பிடித்தவர், ஜெபப்புத்தகத்தோடு புதுநன்மைப் பிள்ளை, கொப்பியும் கையுமாக வெருண்டு நிற்கிற ஒரு பொடியன். எனக்கு அவற்றில் ஒரே ஒரு குறைதான்.

"இஞ்சாருங்கோ, உதிலை ஒருத்தராவது வாசிக்கினமோ? எல்லாரும் கமராவையெல்லோ பாக்கினம்."

இதைச் சொன்னால் அவருக்கு முகம் விழுந்துவிடும். ஏனென்றால் அது உண்மை. புத்தகத்தைப் பார்க்கிற ஒரு மனிதரின் படத்தை அவர் பல வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். "கிடைக்கும், இருந்து பார்" என்பார். நான் உரும்பிராயில் சின்னதாய் ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையைத் திறக்கப் போய்விடுவேன்.

போன மாசம் குருநகரில் இருந்து கிறிஸ்ரி என்றொரு பெண் அவருக்குப் போன் எடுத்தாள். அவளுடைய தகப்பன் சிமியோன் யாழ்ப்பாண ரவுணில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். அவர் காலமாகிப் பல வருடம். வீடு திருத்தும்போது ஒரு பெட்டி அகப்பட்டதாம், நிறையப் படங்கள், எல்லாம் ஆட்கள் வாங்கியது போக மிஞ்சிய பிரதிகள். என் கணவர் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து ஹோலில் பரப்பினார். அன்று இரவு சாப்பாட்டுக்கு எங்களுக்கு மேசை கிடைக்கவில்லை.

பெரும்பாலும் கலியாணம் பேசுவதற்கென்று எடுத்த படங்கள். படம் எடுத்து மற்றப் பகுதிக்குக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. பெண்ணோ மாப்பிள்ளையோ, கையில் ஒரு புத்தகம் இருந்தால் படித்த ஆள் என்று மதிப்பு. கொண்டுவராதவர்களுக்குச் சிமியோனே ஒன்றைக் கொடுத்திருக்கிறார். எல்லார் கையிலும் ஒரே புத்தகம்! தடித்த இங்கிலீசுப் புத்தகம், அட்டையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்ட அடையாளம். அந்தப் புத்தகமே பெட்டியின் அடியில் கிடந்தது. என் கணவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹோலுக்குள் துள்ளினார். வாசிகசாலை ஆண்டு விழாவில் தன்னுடைய படங்களைக் கண்காட்சியாக வைக்க ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தார். இப்போது அதில் ஒரு சுவர் முழுவதும் 'ஒரே புத்தகம், பல கைகள்' என்று முடிவாகிவிட்டது.

எங்கள் வாசிகசாலைத் தலைவர் வாகீசன் ஐயா. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து இளைப்பாறியவர், இப்போது வெங்காயத் தோட்டம் செய்கிறார். கணக்கெழுதின பென்சில் இன்றைக்கும் சட்டைப் பையில் இருக்கும். அவரும் மனைவி செல்வநாயகி மாமியும் வாசிப்புக்குப் பேர்போனவர்கள். பின்னேரமானால் விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு ஆளுக்கொரு இங்கிலீசுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களிடம் ஐயா சொக்கிளேற் கேட்பதில்லை, தடித்த புத்தகம்தான் கேட்பார். அவர்கள் வீட்டுச் சுவரில் மாமியின் கலியாணப் பேச்சுப் படம் தொங்குகிறது, கையில் ஒரு பெரிய புத்தகத்தோடு. ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது ஐயா அரிசிச் சாக்கை விட்டுவிட்டு, அந்தப் படத்தைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு கொடிகாமம் வரை நடந்தவர். அதை யார் வந்தாலும் அவரே சொல்லுவார். கடைசியில், "படிச்ச பெம்பிளையெல்லோ" என்று முடிப்பார்.

கண்காட்சிக்குப் படம் தாருங்கள் என்று என் கணவர் கேட்டதும் ஐயா சந்தோசமாய் உடன்பட்டார். எடுக்கப் போன நேரம் அவர் தோட்டத்தில் நின்றார். படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்த என் ஆள், "மாமி! இதுவும் சிமியோனின்ரை புத்தகம்!" என்று கத்தியிருக்கிறார். கத்திவிட்டு, மாமி கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, மாமியின் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டார். படத்தில் உள்ள முகம்தான் அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் மாமி குடையோடு என் கடைக்கு வந்தார். பிறசர் குளிசைக்கு இன்னும் நாள் இருந்தது. மற்ற ஆட்கள் எல்லாரும் போகும்வரை நின்று பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, அந்தப் படத்தை ஒளிச்சுப்போடு."

"ஏன் மாமி?"

"எனக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் வராது." குரல் இறங்கிவிட்டது. "எட்டாம் வகுப்போடை நிண்டனான். கரவெட்டியிலை இருந்து மாமா ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பிச்சவர். படம் எடுக்கிறவர் அந்தப் புத்தகத்தைக் கையிலை திணிச்சார். இவர் அதைப் பாத்துத்தான் கேட்டவர். கலியாணம் முடிஞ்சு அடுத்த கிழமையே ஒரு இங்கிலீசுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்து, உமக்குத்தான் எண்டு தந்தார். அந்த முகத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"அப்ப பின்னேரத்திலை விறாந்தையிலை?"

"ஒற்றையைத் திருப்புறன். எப்பிடிக் கிடக்குது எண்டு கேட்டால், முடிவுதான் கொஞ்சம் சோர்வு எண்டுவன். நானும் அப்பிடித்தான் நினைச்சன் எண்டுவார். அவர் கனக்கப் படிச்ச மனுசன், பிள்ளை. இந்த வயசிலை நான் பொய்க்காரியெண்டு அவருக்குத் தெரியவந்தால் நான் எந்த முகத்தோடை அவருக்குச் சோறு போடுறது?"

உண்மையில் மாமி வாசிக்காத ஆளல்ல. வாசிகசாலையில் துப்பறியும் நாவல்களை என் பெயரில் எடுப்பித்து, குசினியில் மா வாளிக்குப் பின்னால் வைத்து வாசிக்கிறவர். போன புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒரே திட்டு. ஆரோ ஒருத்தன் ஓரத்தில் பென்சிலால் கொலைகாரனின் பெயரை எழுதி வைத்துவிட்டானாம். அந்த மாமி இப்போது என் மருந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கண் கலங்கி நின்றார். படத்தை எடுத்துவிடுகிறேன் என்று நான் சத்தியம் செய்தேன்.

வீட்டில் கேட்டால், என் கணவர் ஒரே பிடியாய் நின்றார். "அது நடுப்படம் தயா. அதைக் கழட்டினால் சுவர் மொட்டையாயெல்லோ நிக்கும்." காரணத்தைச் சொல்லவும் என்னால் முடியாது. இந்த மனிதரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வதும் ஒன்று. நான் கோபத்தில் அன்று புட்டுக்குக் கறி வைக்கவில்லை. அவர் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, "ஐயாவுக்கு ஒரு புதினமும் வைச்சிருக்கிறன், இப்பதான் போனிலை சொன்னனான்" என்று சிரித்தார். என்ன புதுச் செய்தியென்று கேட்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

விழாவன்று காலை, ஆட்கள் வருவதற்கு முதல் படத்தைத் தூக்கிவிடலாம் என்று நான் தனியாக வாசிகசாலைக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே வாகீசன் ஐயா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நீள மர வாங்கின் மேல் ஏறி நின்று, சுவரில் இருந்து ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா! விழுந்துபோடுவியள்!"

அவர் திடுக்கிட்டு இறங்கினார். கையில் இருந்தது அவருடைய படம். கறுத்த மீசை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் தடித்த புத்தகம். அதுதான் என் கணவர் சொன்ன புதினம், பெட்டிக்குள் அகப்பட்ட ஐயாவின் மாப்பிள்ளைப் படம்.

"பிள்ளை, ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை," என்றார். "உன்ரை மனுசன் நேற்றுப் போனிலை சொல்லுறார், என்ரை மாப்பிள்ளைப் படமும் பெட்டிக்குள்ளை கிடந்ததாம், கையிலை சிமியோனின்ரை புத்தகமாம் எண்டு. எனக்கு நித்திரையே வரேல்லை. எனக்கு இங்கிலீசிலை கையெழுத்து வைக்க மட்டுந்தான் தெரியும். அவ படிச்சவ. படத்தைப் பாத்து, நானும் தனக்கேத்த ஆளெண்டு நினைச்சுத்தான் ஓமெண்டவ. இப்ப வந்து உதைப் பாத்தாவெண்டால்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமிக்குச் செய்த சத்தியம் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனா என்று பார்க்க மாமியே வந்துவிட்டார்.

வந்தவருக்குத் தெரிந்ததெல்லாம், சுவருக்குப் பக்கத்தில் கையில் ஒரு படத்தோடு நிற்கிற கணவர். அது தன்னுடைய படமென்றே மாமி நினைத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, நான் அப்பவே சொல்லியிருக்க வேணும்."

"இல்லை செல்வம், நான்தான் சொல்லியிருக்க வேணும்."

"நீங்கள் என்னத்தைச் சொல்ல? புத்தகம் என்ரை இல்லை."

"என்ரையும் இல்லை."

இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தார்கள். ஐயா சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த மாமியின் படத்துக்குக் கிட்டப் போய், கையில் இருந்த தன் படத்தை அதன் பக்கத்தில் பிடித்தார். அதே புத்தகம், அதே தேத்தண்ணி வட்டம். எத்தனையோ வருடம் அந்தப் படத்தைத் தினமும் பார்த்தவர், தன் கையில் ஒருநாள் இருந்த புத்தகத்தின் அட்டையை அன்றைக்குப் பதட்டத்தில் பார்த்ததேயில்லை.

"என்ரை படத்தை உமக்குக் காட்டினவைதானே? நீரும் கவனிக்கேல்லையோ?"

"நான் மீசையைப் பாத்தனான்," என்றார் மாமி. "புத்தகத்தை ஆர் பாத்தது?"

ஐயா வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப உமக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாது?"

"தெரியாது."

"முடிவு சோர்வு எண்டீர்?"

"நீங்களும் ஓமெண்டியள்!"

அந்தப் புத்தகம் காட்சி மேசையில் கிடந்தது. "தயாளினி, உதென்ன புத்தகம் எண்டாவது சொல்லு பிள்ளை," என்று ஐயா கேட்டார். நான் முதல் பக்கத்தைத் திறந்து வாசித்துவிட்டு, சொல்லவா விடவா என்று யோசித்தேன்.

"மாட்டுக்கு வாற வருத்தங்கள், ஐயா. குடற்புழுவுக்குத் தனி அத்தியாயமே கிடக்குது."

முதலில் மாமிதான் சிரித்தார். பிறகு மூன்று பேரும் வாங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிய மாமி கண்ணைத் துடைத்தார். துடைத்தும் நிற்கவில்லை.

"மாட்டு வருத்தப் புத்தகத்துக்காகவே கொடிகாமம் மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தனீங்கள்? அந்தப் படத்தை இனிச் சுவரிலை மாட்ட வேண்டாம்."

"விசரே உமக்கு?" ஐயாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "நான் என்ன, புத்தகத்தையோ தூக்கிக்கொண்டு போனனான்?"

மாமி மூக்கை உறிஞ்சினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. யன்னலைத் திறக்கப் போகிறவள் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எத்தனை மூக்குத்தான் உறிஞ்சுவது.

கொஞ்ச நேரம் கழித்து ஐயாவின் குரல் கேட்டது. "அப்ப நீர் ஒண்டுமே வாசிக்கிறேல்லையோ?"

"வாசிக்கிறன். துப்பறியும் கதை. மா வாளிக்குப் பின்னாலை வைச்சு."

"ஐயோ கடவுளே! நான் தோட்டத்துத் தண்ணி மிசின் கொட்டிலுக்கை வைச்சு வாசிக்கிறன். கடைசியா எது வாசிச்சனீர்? பங்களாவிலை கொலை விழுகிறதோ?"

"ஓம், அதுதான். பாதியிலை ஆரோ குறுக்காலை போவான் டிரைவர்தான் கொலைகாரன் எண்டு பென்சிலாலை எழுதி வைச்சிருக்கிறான். பிடிச்சனெண்டால் கையை முறிப்பன்."

ஐயா மெதுவாகச் சட்டைப் பையைக் கையால் மறைத்தார். மாமி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

விழா நன்றாக நடந்தது. ஐயாவே தன்னுடைய படத்தை மாமியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தலைமையுரையில் மாட்டு வருத்தம் வரை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். சனம் வயிறு நோகச் சிரித்தது. உடனே இன்னும் ஒரு கிழவர், தன்னுடைய படத்திலும் அதே புத்தகம்தான் என்று எழும்பினார். என் கணவர் சுவருக்கு முன்னால் நின்று, கலியாண மாப்பிள்ளை மாதிரி எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

வடை கொடுக்கிற நேரம் ஐயாவையும் மாமியையும் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், புத்தகத் தட்டுக்குப் பின்னால் ஒரு வாங்கில், புதிதாய் வந்த துப்பறியும் நாவல் ஒன்றை நடுவில் வைத்து, இடப்பக்கத்தை ஐயாவும் வலப்பக்கத்தை மாமியும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "பொறும், நான் இன்னும் முடிக்கேல்லை" என்று ஐயா முணுமுணுத்தார். நான் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். அவர்கள் நிமிரவேயில்லை.

இரவு வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் பழைய படம் வேணுமே. இது இண்டைக்கு எடுத்தது," என்றேன்.

"பரவாயில்லை. பழசாகும் மட்டும் வைச்சிருப்பம்."

இப்போது அது எங்கள் ஹோலில் பெரிதாய்த் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு என் கணவர் அதைத்தான் முதலில் காட்டுவார், ஒருத்தரும் கமராவைப் பார்க்கவில்லை என்று. நான் வேறொன்றைக் காட்டுவேன். ஐயாவின் சட்டைப் பை வெறுமையாய் இருக்கிறது. பென்சில் மாமியின் கொண்டையில்.