பச்சை மூடி

ஒளி அளக்கும் கருவி கக்கிய எண்கள் அவள் பக்கம்தான் பேசின. சோதனைத் தட்டில், நகலெடுக்கும் என்சைம் சேர்க்காத குழி இருண்டு கிடந்தது. அவள் ஆராயும் வைரஸின் சின்னப் புரதத்தைக் கூடுதலாகச் சேர்த்த குழியோ வழக்கத்தைவிடப் பத்து மடங்கு பிரகாசித்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மா போனதிலிருந்து எதுவுமே வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது.

"அடிச்சிட்டீங்களே டாக்டரம்மா!" என்றான் பக்கத்து மேசைக்காரன். வாய் ஓயாதவன் என்பதால் ஆய்வகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "இன்னிக்கு சார் உங்க வேலையை நீட்டிக் கையெழுத்துப் போட்டுடுவாரு. ட்ரீட் எங்கே?"

"ஃபிலிம் வரட்டும். அப்புறம் பாப்போம்."

அவளுடைய கேள்வி சிக்கலானதல்ல. அந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை ஒரே என்சைம் இரண்டு விதமாகக் கையாள்கிறது. ஒரு சமயம் மரபணு மரபணுவாக நின்று நின்று படித்து, புரதம் செய்யச் சொல்லும் செய்திகளை எழுதுகிறது. இன்னொரு சமயம் எங்கும் நிற்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழு நகல் எடுக்கிறது. படிப்பதா, பெருக்குவதா என்று முடிவு செய்வது தன் சின்னப் புரதம்தான், அது கூடினால் என்சைம் நகலெடுக்கத் திரும்பிவிடும் என்பது அவள் கட்சி. உயிருள்ள வைரஸைத் தொடவே வேண்டாம், அதன் ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு குட்டி மாதிரி செய்து, மின்னும் மரபணு ஒன்றை அதில் ஏற்றி, புரதங்களோடு செல்லுக்குள் விட்டால் போதும். நகல் பெருகினால் வெளிச்சமும் பெருகும். இன்று ஆய்வகத் தலைவரிடம் அதை நிரூபித்தால் வேலை நீளும். இல்லையென்றால் மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

செய்திகளையும் முழு நகலையும் தனித்தனிப் பட்டைகளாகக் காட்டும் ஃபிலிம் இருட்டறையிலிருந்து வந்தது. செய்திகளுக்கான பட்டை கன்னங்கரேலென்று தடித்திருந்தது. முழு நகலுக்கான இடம் துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது. ஒரு வரிசையிலாவது மங்கலாக ஒரு கோடு வேண்டாமா?

ரேடியோ எட்டிப் பார்த்தான்.

அவள் உறைபெட்டியைத் திறந்தாள். குட்டி மாதிரியில் இரண்டு வகை உண்டு. ஒன்று படிக்கவும் பெருகவும் கூடியது; அதற்கு நீல மூடி. மற்றதன் முனையை வேண்டுமென்றே கெடுத்திருப்பார்கள்; என்சைமால் அதைப் படிக்க முடியும், நகலெடுக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. அதற்குப் பச்சை மூடி. அவள் எடுத்துப் பயன்படுத்திய பெட்டி முழுக்கப் பச்சை. மூடிகளின் மேல் அவள் கையெழுத்தில் தேதி. அம்மாவை எடுத்த மறுநாள். விடுப்பே வேண்டாம் என்று வந்து உட்கார்ந்த நாள். அன்று குழாய்களில் பிரித்து ஊற்றியது அவள் கைதான். அவளுக்கு ஒரு துளி நினைவில்லை. அதன் பிறகு எத்தனை முறை இந்த மூடிகளைத் திறந்திருக்கிறாள்! கண் பச்சையைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

"வெளிச்சம் பொய் இல்லையே," ரேடியோ குரலைத் தாழ்த்தினான். "எண்ணை மட்டும் காட்டுங்க. ஃபிலிம் இன்னும் வரலைன்னு சொல்லிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

தலைவரின் அறையில் அவள் ஃபிலிமைத்தான் முதலில் வைத்தாள்.

"நகலே இல்லையேம்மா. அப்புறம் இந்த வெளிச்சம்?"

"படிக்கிறதுதான் கூடியிருக்கு சார். பெருகவே முடியாத மாதிரியைப் போட்டுட்டேன். எடுத்தது தப்பு. நான் சொல்லிட்டிருந்ததே தப்பாக்கூட இருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரியான மாதிரியை வெச்சு முதல்லேருந்து பண்ணணும். அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும். இதை வெச்சுக்கிட்டு உனக்கு நீட்டிப்பு கேட்க முடியாதும்மா."

"தெரியும் சார். எனக்கு நாலு நாள் லீவு வேணும்."

"இப்பவா?"

"அப்பவே எடுத்திருக்கணும்."

வெளியே ரேடியோ காத்திருந்தான். அவள் நாலு நாள் லீவு என்றதும் அவன் முந்திக்கொண்டான். "செல்லுக்கெல்லாம் நான் சாப்பாடு மாத்துறேன். பட்டினி போட மாட்டேன். பேசியே கொன்னுட்டா மட்டும் என்னைக் கேக்காதீங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அம்மா அலமாரியைக் காலி பண்ணிட்டியாண்ணா?"

"இல்ல. நீதான் எதுவும் வேண்டாம்னுட்டியே. நாளைக்கு யாருக்காவது குடுத்துடலாம்னு..."

"குடுக்காதே. நான் வரேன்."