ஆளில்லா ம்

…நாற்பதா, நாற்பத்தொன்றா, எண்ணிக்கை விட்டுப் போய்விட்டது, போகட்டும், ஹெட்போன் வழியே காதுக்குள் யாரோ ஒரு பெண் யாரிடமோ ம் என்கிறாள், நான் திரையில் சம்மதம் என்ற கட்டத்தை அழுத்துகிறேன், அடுத்தது ஒரு ஆள், இழுத்து ம்ம்ம் என்கிறார், கடைசியில் குரல் மேலே ஏறுகிறது, கேள்வி, அதற்கடுத்தது ம்ஹூம், மறுப்பு, இதில் சந்தேகமே கிடையாது, ம்ஹூம் மாதிரி நேர்மையான சத்தம் உலகத்தில் வேறு இல்லை. மணி பன்னிரண்டே முக்கால். ஒன்று அடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள், இந்த அறை ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு, அப்போது செய்துவிடலாம், அதுவரை நல்ல பிள்ளையாக உட்கார்ந்து ம் பிரித்துக்கொண்டிருக்கலாம், அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. பக்கத்து மேசையில் ரெண்டாம் காது உட்கார்ந்திருக்கிறார். நான் அடையாளம் போட்ட ஒவ்வொரு ஒலியையும் இன்னொருவர் கேட்டு, என் பதிலைப் பார்க்காமல் தன் பதிலைப் போட வேண்டும், அந்த இன்னொருவர் அவர், அதனால் அந்தப் பெயர். பத்து ம்-இல் நாலுக்கு எங்களுக்குள் ஒத்துப் போகாது. “நீங்க எல்லாத்தையும் சம்மதம்னே போடறீங்க, உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு” என்று சிரிப்பார். நல்ல மனசாம். எனக்கு ஒரே ஒரு ம் சம்மதமாக இருந்தால் போதும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வருஷம் இந்த ம்களை எல்லாம் நாங்களே வெட்டி எறிந்தோம், அதை நினைத்தால்தான் வேடிக்கை. பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது, வார்த்தை மட்டும் வேண்டும், இருமல், பெருமூச்சு, ம் எல்லாம் குப்பை என்று விதிப்புத்தகத்திலேயே இருந்தது, நானும் நாள் முழுக்க வெட்டினேன். அப்புறம் போனில் பேசும் இயந்திரம் ஒன்று செய்தார்கள், அது யாரோ ஒரு அம்மாவிடம் உங்கள் முன்பதிவை ரத்து செய்யட்டுமா என்று கேட்க, அந்த அம்மா மேலே சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் ம் என்று சொல்ல, அது ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ரத்து செய்துவிட்டது. ஒரே ரகளை. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா வந்தார், ஊசி போடாத டாக்டர், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், வந்த அன்றே எங்களைக் கூட்டி வைத்து, “நம்ம ஆளுங்க பாதி வாழ்க்கைய ம்-லயே நடத்திடறாங்க, அதைப் போய் குப்பைன்னு வெட்டியிருக்கீங்களே” என்றார். சம்மதம், கேட்கிறேன், கேள்வி, மறுப்பு என்று நான்கு பெட்டி கொடுத்தார். வெட்டியதை எல்லாம் திரும்பப் பொறுக்கி ஒட்டினோம்.

ஆனால் போன மாதம் இயந்திரம் ஒரு காரியம் செய்தது. நாங்கள் கொடுத்த நான்கு பெட்டியிலும் சேராத ஒரு குவியலைத் தானாகவே ஒதுக்கி வைத்தது. டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிரித்திருக்கிறது பாருங்கள், ஆனால் என்னவென்று பிரித்திருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னிடம் கொடுத்தார். கேட்டேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, சாதாரண ம்தான், மரியாதையான ம், எதிராளி பேசி நிறுத்திய உடனே அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளியில் விழுகிறது, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, சந்தோஷமான சேதிக்கும் அதே ம், சாவுச் சேதிக்கும் அதே ம். இருபதாவதைக் கேட்கும்போதுதான் பிடிபட்டது. இதைச் சொல்கிறவர்கள் எதையுமே கேட்கவில்லை. குரல் இருக்கிறது, ஆள் இல்லை. “ஆளில்லா ம்” என்று எழுதிக் கொடுத்தேன், அதுவே ஐந்தாவது பெட்டிக்குப் பெயராகிவிட்டது. மனிதக் காதுக்கு இதைப் பிரிப்பது கஷ்டம், இயந்திரத்துக்குச் சுலபம், நேற்றோடு அதன் பயிற்சி முடிந்துவிட்டது, நம்மைவிட அது நன்றாகவே சொல்கிறது என்று டாக்டரம்மா ஊர் கூட்டிச் சொன்னார். நான் கைதட்டினேன். என் போனுக்குள் பதினான்கு மாதமாக ஒரு ஒலிக்கோப்பு இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா. வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். அவள் மகள் கல்லூரி முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள், பதில் இல்லை, தூங்குகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், தோளில் பை, கையில் பூட்டும் சாவியும், காலில் செருப்பு. அதுதான் எனக்குப் புரியவே இல்லை, வீட்டுக்குள் யாராவது செருப்போடு ஒரு அடி வைத்தால் வாசல் வரை விரட்டுகிறவள், அவள் எப்படிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்? காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர், ஊசி போடுகிற டாக்டர். கிளம்பிய நேரத்தில் மயக்கமாக வந்திருக்கும், உட்கார்ந்திருப்பாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நாலு நாளாக நெஞ்சு பிசைகிறது என்றாளே, முன்னாலேயே போயிருக்கக் கூடாதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்போது நான்தான் சொன்னேன். முந்தின நாள் மத்தியானம் போனில் பேசினேன், நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போய்க் காட்டு, தள்ளிப் போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன், ம் என்றாள், சரி என்கிற ம்மா, சும்மா விடு என்கிற ம்மா, எனக்கு எப்படித் தெரியும்… எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மகள் மட்டும் இரண்டு தரம் கேட்டாள், “சித்தி, அம்மா வேற எதுவும் சொல்லலியா? நல்லா யோசிச்சுப் பாருங்க.” “இல்லடா, வெறும் ம்தான்.” அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்கு அம்மா மேல் ஒரு கோபம். அவ்வளவு தூரம் சித்தி சொல்லியும் முதல் வேலையாகப் போகாமல், நேரம் கழித்துக் கிளம்பிய அம்மா. அந்தக் கோபத்தை அவள் கையில் கொடுத்தவள் நான். அது நியாயமான கோபம்தானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான், அந்த ம் சம்மதமாக இருந்தால் போதும், போகத்தான் நினைத்தாள், நேரம்தான் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

மணி ஒன்று. நாற்காலிகள் நகர்கின்றன. “வரலியா?” என்று ரெண்டாம் காது கேட்கிறார், பசியில்லை என்கிறேன், அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஏசியின் முனகல் மட்டும். கண் ஏன் கதவுப் பக்கமே போகிறது, திருட்டா செய்கிறேன், என் போன், என் அக்கா. போனுக்கு வருகிற எல்லா அழைப்பையும் பதிவு செய்துகொள்ளும் வசதியை எப்போதோ போட்டு வைத்தேன், அப்புறம் அதை நிறுத்தவில்லை, அதனால் இது இருக்கிறது, ஏழு நிமிஷம். இத்தனை மாதத்தில் ஒரு தரம்கூடத் திறந்ததில்லை. அவள் குரலைக் கேட்டால் தாங்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது உண்மைதான், முழு உண்மையா என்று தெரியாது.

சின்ன வயதில் படுத்துக்கொண்டே அக்கா கதை சொல்வாள், நான் உம் கொட்ட வேண்டும், உம் நின்றால் கதையும் நின்றுவிடும், அது ஒப்பந்தம். நான் தூங்கிப் போனாலும் விடாமல் உம் கொட்டுவேனாம். சோதித்துப் பார்ப்பதற்காக, “அந்த ராஜா ஒரு கரப்பான்பூச்சியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்” என்பாளாம். ம். “அதுக்கு மீசை முளைச்சு வாத்தியார் வேலைக்குப் போச்சு.” ம். மறுநாள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். “இவளை நம்பி யாரும் ரகசியம் சொல்லலாம், ஒண்ணும் காதுல ஏறாது.” எனக்குக் கோபமாக வரும், கேட்டேன், கேட்டேன் என்று அழுவேன், அவள் தலையைத் தடவி, சரி சரி கேட்டே என்பாள். இதெல்லாம் எதற்கு இப்போது.

ஒலிக்கோப்பை இயந்திரத்துக்குள் போட்டாயிற்று. இயந்திரத்துக்கு வார்த்தைகள் தேவையில்லை, ம் மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து திரையில் வரிசையாக வைக்கும், இடது பக்கம் யார் சொன்னது, வலது பக்கம் எந்தப் பெட்டி. அதிகம் பேசுகிறவர் ஆள் ஒன்று, குறைவாகப் பேசுகிறவர் ஆள் இரண்டு. படித்துப் படித்துச் சொன்னவள் நான், ஆகவே ஆள் ஒன்று நான், இரண்டு அவள். பட்டியல் விழுந்துவிட்டது. பதினொரு ம். ஒன்றுதானே என்று நினைத்தேன், பதினொன்றா? பதினொன்றும் ஆள் இரண்டு. பதினொன்றுக்கும் நேரே ஆளில்லா ம், ஆளில்லா ம், ஆளில்லா ம்… ஓ. அப்படியென்றால் அவள் கேட்கவே இல்லை. நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு உம் கொட்டியிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது சொல்ல, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது, நிம்மதிதான் அது, வேறென்ன, என்மேல் தப்பில்லை, இயந்திரமே சொல்லிவிட்டது. பாவம் அக்கா. ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு மூடிவிடலாம். கடைசி ம்மை மட்டும்.

டக் டக் டக். முதலில் வருவது இதுதான். விசைப்பலகை. விதிப்புத்தகத்தில் பின்னணி ஒலிகளில் மூன்றாவது, கேட்டதும் அடையாளம் போட்டுப் பழகிய சத்தம். அக்கா வீட்டில் ஏது விசைப்பலகை? அவளுக்கு மின்சாரக் கட்டணம் கட்டக்கூட மகள் வேண்டும். டக் டக், நடுவில் இடைவெளிப் பட்டை மட்டும் கொஞ்சம் சிக்கி இரட்டையாகத் தட்டுகிறது, என் கட்டைவிரலுக்குக் கீழே இப்போதும் சிக்குகிற அதே பட்டை. ம். அது என் குரல். இல்லை, குரல்களை இயந்திரம் மாற்றிப் போட்டிருக்கும், அடிக்கடி நடப்பதுதான், ஒரு நாளைக்கு ஐம்பது திருத்துகிறேன், ஆள் மாற்று என்று ஒரு பொத்தான் இருக்கிறது, விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது, திரையில் ஆள் இரண்டு எல்லாம் ஆள் ஒன்றாகிவிட்டது, காதில் மட்டும் எதுவும் மாறவில்லை. திரும்பக் கேட்டேன். ம். என் குரல்தான்.

ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன், ஏழு நிமிஷம், வேறு வழியில்லை. பேசுவதெல்லாம் அவள். நெஞ்சு பிசைவதைச் சொல்கிறாள், ம், இடது கை மரத்துப் போவதைச் சொல்கிறாள், ம், பொண்ணுக்குப் பரீட்சை, அவளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்கிறாள், ம். நாளைக்கே போய்க் காட்டு, தள்ளிப் போடாதே, அந்த வாக்கியம் எங்கே? அதை நான் எப்போது சொன்னேன்? இந்த ஏழு நிமிஷத்தில் எங்கும் இல்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்து யோசித்து நானே சொல்லிக்கொண்டதோ அது? கடைசியில் அவள் கொஞ்சம் தயங்குகிறாள், இருமுகிறாள். “நாளைக்குக் காலையில போயிடலாம்னு இருக்கேன்டி. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீ கூட வரியா?” டக் டக் டக். ம். “சரி அப்போ, நான் ரெடியா இருக்கேன். நீ வந்ததும் கிளம்பிடலாம்.”

செருப்பு.

வாசல் பக்கத்து நாற்காலி, பூட்டு, சாவி, செருப்பு. மயக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்தாள். ஒரு தரம் சொன்னால் போதும், தங்கை வந்துவிடுவாள் என்று இன்னொரு தரம் போன்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு வருஷம் கரப்பான்பூச்சிக்கும் உம் கொட்டியவளை நம்பி. கரப்பான்பூச்சி என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கக் கூடாதா அக்கா? நான் அன்றைக்கு என்ன தட்டிக்கொண்டிருந்தேன், ம் வெட்டிக்கொண்டிருந்தேன், குப்பை என்று யார் யாருடைய ம்மையோ வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, வர வேண்டும், வரவில்லை. பதினொரு வரியும் திரையில் அப்படியே நிற்கின்றன, ஆளில்லா ம், ஆளில்லா ம், நான் வைத்த பெயர். இதை அழித்துவிடலாம், ஒரு பொத்தான்தான், யாருக்கும் தெரியாது, அவள் மகளுக்கு அம்மா மேல் இருக்கிற கோபம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், பழகிவிடுவாள், இல்லை, எப்படிப் பழகுவாள், அழிக்கவா, சொல்லவா, சொல்வதென்றால் எந்த வார்த்தையில் தொடங்குவது, நேரம் ஒன்று ஐம்பது, திரும்பி வரப் போகிறார்கள், போன் அடிக்கிறது.

சின்னதுதான். அக்கா மகள். எடுத்துக் காதில் வைக்கிறேன், கண் திரையிலேயே இருக்கிறது. “சித்தி, சாப்டீங்களா?” ம். அழித்தால் பதினொன்றும் போய்விடும், கடைசியாக அவள் சொன்னதும் போய்விடும், நான் ரெடியா இருக்கேன் என்கிற அந்தக் குரல், அதை எப்படி… “அம்மா அலமாரிய ஒழிக்கணும் சித்தி, ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டேன்” …முதலில் ஒலிக்கோப்பை இன்னொரு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு… “தனியாச் செய்ய ஒரு மாதிரி இருக்கு. நீங்க வரீங்களா?” ம். “சரி சித்தி. நீங்க வந்ததும் ஆரம்பிக்கலாம், நான் காத்துக்கிட்டிருக்கேன்.” வைத்துவிட்டாள். அழைப்பு பதிவு செய்யப்பட்டது என்று போனில் ஒரு வரி வந்து மறைகிறது.

வெளியே படியில் பேச்சுக் குரல்கள் ஏறி வருகின்றன. போகத்தான் போகிறேன், போய்ச் சொல்லத்தான் போகிறேன், இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தானே ம் என்றேன், அலமாரி என்றாள், தனியாக என்றாள், எல்லாம் காதில் விழுந்ததே. மேசைக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்பைக் கால் துழாவுகிறது. என்றைக்கு என்று சொன்னாள்? இன்று சாயங்காலமா, நாளைக்கா?