தொட்டிலில் கட்டிய வாட்ச்

1

இந்தக் கதை எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்ல முடியாது. இது தொடங்கியபோது நான் தொட்டிலில் கிடந்தேன். தலைமாட்டில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உம்மா ஒருநாள் கேட்டாள்: "பால்குடி மறக்காத புள்ளைக்கு அது எப்படித் தெரியும்?" என்னிடம் அந்தச் சத்தம் மட்டும் இருக்கிறது. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

2

முதல் வரியை மூன்று தடவை எழுதினேன்.

ஹமீது சுல்தான் கப்பலேறிய அன்று கடல்

(கடலை விட்டுவிட்டேன். பெரியபட்டினத்தில் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது வந்து முன்னால் நின்றுகொள்ளும்.)

குல்சும் அழவில்லை. ஆனால் அவள்

(அழுதாளா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்?)

மூன்றாவது இது. குல்சும் என் சாச்சி, உம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படி வந்தவர் ஹமீது சுல்தான். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அக்கரைக்குப் போய்வர பெர்மிட், விசா என்று கெடுபிடி வந்துவிட்ட காலம் அது, ஐம்பதுகளின் தொடக்கம். போனால் எப்போது திரும்புவோம் என்று அவருக்கே தெரியாது. புறப்படும் நாளில் கையிலிருந்த வாட்சைக் கழற்றிச் சாச்சியிடம் கொடுத்தார்.

"அங்கன என்ன மணியோ இங்கனயும் அதே மணிதான். எட்டுன்னா கடை திறக்கிறேன். ஒண்ணுன்னா சோறு திங்கிறேன். பாத்துக்க."

"சாவி எப்பக் கொடுக்கணும்?"

"இதுக்குச் சாவியே கொடுக்கக் கூடாது. கொடுத்தா உள்ள வில்லு அறுந்துரும்னு வித்தவன் சொன்னான். கை ஆடுனா அதுவா ஏறிக்கிரும். நான் வார வரைக்கும் நிக்க விட்றாத."

கடைசி வாக்கியத்தை அவர் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். சாச்சி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வாட்ச் நின்றால் அவர் வரமாட்டார் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

3

ஆகவே, வாட்சை ஆட்ட ஓர் ஆள் வேண்டும்.

முதலில் தன் கையிலேயே கட்டினாள். ஆம்பிளை வாட்ச், முழங்கை வரை ஏறி ஏறி இறங்கியது. வளையல் உரசிக் கண்ணாடியில் கீறல் விழுந்தது. அடுத்தது வெள்ளாடு. அதன் கழுத்தில் கட்டிவிட்டாள். ஆடு கொழும்பு மணியோடு பக்கத்துக் கொல்லைக்குள் புகுந்து

(ஆட்டைப் பற்றி நிறைய எழுதியிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சாச்சிக்கு வந்திருக்காது. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது என் தொட்டில். விட்டத்தில் தொங்கிய சேலைத் தொட்டில். அதன் தலைமாட்டில் வாட்சைக் கட்டினாள். தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கையால் ஓலைப்பாய் பின்னிக்கொண்டே ஆட்டுவாள்.

"புள்ளையத் தூங்க வைக்கிறியா, வாட்சத் தூங்க விடாம வைக்கிறியா?" என்பாளாம் உம்மா.

"ரெண்டும்தான் லாத்தா" என்று அக்காவுக்குப் பதில் வருமாம்.

(வெறுங்கையில் பிடித்து ஆட்டக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆட்டிப் பார்த்தாளாம். கைதான் ஓய்ந்ததாம், விடியும்போது முள் நின்றுவிடுமோ என்று பயந்துபோனாளாம்.)

4

எனக்கு ஓடத் தெரிந்தது. தொட்டில் காலியானது.

ஆளில்லாத தொட்டிலை ஆட்டக் கூடாது. ஆட்டினால் அந்த வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள். எனவே சாச்சி இரவல் பிள்ளை தேடினாள். மீன் விற்கும் லீமாரோஸ் தலையில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக வருவாள். அவள் தெருவைச் சுற்றி வரும்வரை பிள்ளை எங்கள் தொட்டிலில்.

"அண்ணன் வாட்ச எம்மவன் சிலுவைமுத்துதான் ஓட்டுறான். அவரு வந்தா கூலி கேப்பேன், ஆமா."

"வரட்டும். நீயே கேளு."

"வராம எங்க போவாரு? இவன் ஆடுற ஆட்டத்துக்குக் கடல்ல நடந்தே வந்துருவாரு."

(லீமாரோஸ் பேசினால் பேனா தானாக ஓடுகிறது. சாச்சியிடம் வந்தால் நின்றுவிடுகிறது. அவள் பேசாமல் இருந்த நேரங்கள்தான் இந்தக் கதை. அதை எந்த எழுத்தால் எழுதுவது?)

5

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியது. தென்கடலில் அலை பெருத்து மீன் தொழில் இல்லை. லீமாரோஸ் வீட்டார் வடகடல் கரைக்குப் போய்விட்டார்கள், சிலுவைமுத்தும்தான். கொழும்பிலிருந்து கடிதம் வந்தும் வெகு நாளாகியிருந்தது.

ஒரு மத்தியானம் உம்மா உள்ளே வந்தாள். என் தங்கை அப்போது அவள் வயிற்றில். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"குல்சும், உள்ள யாரு?"

சாச்சியின் கால்விரல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.

"எம் வயித்துல ஒண்ணு இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் லாத்தா."

"தெரிஞ்சுமா ஆட்டுற?"

"நின்னுருச்சுன்னா?"

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) உம்மா தொட்டிலைப் பிடித்து நிறுத்துகிறாள். வயிற்றில் பிள்ளை உள்ளவள் வேறென்ன செய்வாள்? நியாயமான முடிவு.

(ஆ) சாச்சியே கால்விரலிலிருந்து கயிற்றைக் கழற்றுகிறாள். அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகமாகவும் இருக்கிறது.

(இ) வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என்னை உம்மா தூக்கிவந்து தொட்டிலில் போடுகிறாள். என் கால்கள் வெளியே தொங்குகின்றன. "இப்ப ஆட்டு" என்கிறாள்.

எனக்கு நினைவிருப்பது (இ). அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றாள் உம்மா. பல வருஷம் கழித்துச் சாச்சியிடம் கேட்டேன். பாயின் ஓரத்தை நீவினாள்.

"நீ கனமா இருந்த" என்றாள்.

6

ஹமீது சுல்தான் ஐம்பத்தெட்டில் வந்தார். வாட்சை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு ஓரத்திலிருந்த சாவிக் குமிழை இரண்டு விரலால் பிடித்துத் திருகினார்.

"இதுக்குச் சாவியும் கொடுக்கலாமாம். அங்கன ரிப்பேர்காரன் சொன்னான். வித்தவனுக்குத்தான் தெரியல."

காதில் வைத்தபோது அது ஓடிக்கொண்டிருந்ததா? இதைக் கேட்டுச் சாச்சி என்ன சொன்னாள்? இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

.....................

ஹமீது சுல்தான் மறுபடி கொழும்பு போனார், அங்கேயே மௌத்தானார். தங்கை உம்மு ஹபீபா சுகமாகப் பிறந்து அதே தொட்டிலில் ஆடினாள். இப்போது சாயல்குடியில் இருக்கிறாள். லீமாரோஸ் இறந்துவிட்டாள். சிலுவைமுத்து பாம்பனில் வள்ளம் வைத்திருக்கிறான். உம்மாவும் சாச்சியும் பெரியபட்டினத்தில் ஒரே மையவாடியில் அடங்கியிருக்கிறார்கள். வாட்ச் என் மேசையில் கிடக்கிறது. நான் அதற்குச் சாவி கொடுப்பதில்லை.